கிறிஸ்டோபர் கிரீன்: ஆலைக்காரர் கையில் வந்து சேர்ந்த விடுதலைச் சட்டம்

1778 பிப்ரவரி 14 அன்று, அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, ரோட் ஐலண்ட் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்துக்குள் தனி மனிதர் ஒருவரின் பெயர் இருக்கிறது. கருப்பினம், கலப்பினம், பூர்வகுடி என எந்த இனத்து அடிமையாக இருந்தாலும் சரி, உடலில் தெம்பு இருந்தால் படையில் சேரலாம். கர்னல் கிறிஸ்டோபர் கிரீன் முன்னால் வந்து நின்று, அவர் பார்த்துச் 'சரி, இவர் தகுதியானவர்' என்று ஏற்றுக்கொண்டால் அந்த நிமிடமே அந்த அடிமை எஜமானிடமிருந்து விடுபட்டார். அடிமைத்தளை எதுவும் தன்மேல் ஒருநாளும் இருந்திராதவரைப் போல அவர் முழுச் சுதந்திர மனிதர் ஆகிவிடுவார் என்று சட்டம் சொன்னது.

இந்தக் கிரீன் ஒரு ஆலைக்காரர். அதே சட்டமன்றத்தில் சில ஆண்டுகளுக்கு முன் வார்விக் ஊரின் உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர். ஊரார் சேர்ந்து அமைத்த குடிப்படையில் லெப்டினன்டாக இருந்தவர். அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய நூல்களில் இவருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பத்திதான் கிடைக்கும். டெலவேர் ஆற்றங்கரையில் ஒரு கோட்டையைக் காத்தார், வீரவாள் பரிசு பெற்றார் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கோட்டைச் சண்டை பெரிதுதான். ஆனால் இவர் வாழ்க்கையில் காலத்துக்கும் நிற்கும் வேலை 1778-இன் அந்தச் சில மாதங்களில் நடந்தது என்பது என் கருத்து. ஆலைக்காரர் ஒருவர் கையில் அத்தனை பெரிய அதிகாரம் எப்படி வந்தது என்று புரியவேண்டுமானால், முதலில் அந்தச் சின்னக் காலனி எப்படி இயங்கியது என்று பார்க்கவேண்டும்.

ஆற்றங்கரைக் குடும்பம்

கிறிஸ்டோபர் கிரீன் 1737 மே 12 அன்று வார்விக்கில் பிறந்தார். நாரகான்செட் விரிகுடாவின் மேற்குக் கரையில் உள்ள ஊர் அது. அப்பா பிலிப் கிரீன் நீதிபதி. குடும்பத்தின் மூதாதை ஜான் கிரீன் அறுவை மருத்துவர்; 1640களில் வார்விக்கை உருவாக்கியவர்களில் ஒருவர். நூறு ஆண்டுகளில் அந்த ஒரு வீட்டு மரம் பல கிளை விட்டது. பிற்காலத்தில் வாஷிங்டனின் வலதுகையாக விளங்கிய ஜெனரல் நதானியல் கிரீன் இவருக்குத் தூரத்துப் பங்காளி. 1778 மே மாதம் ரோட் ஐலண்டின் ஆளுநரான வில்லியம் கிரீனும் அதே கொடிவழிதான். வார்விக்கில் எந்தப் பதவியை எடுத்தாலும் அதில் ஒரு கிரீன் இருந்தார் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

கிறிஸ்டோபருக்கு வந்து சேர்ந்தது பாட்டக்செட் ஆற்றின் தென்கிளையில் இருந்த ஆலைச் சொத்து. அன்னா லிப்பிட்டை மணந்தார், குழந்தைகள் பிறந்தார்கள். முப்பத்தெட்டு வயது வரை அந்த ஆற்றையும் நிலத்தையும் சுற்றியே அவர் வாழ்க்கை ஓடியது.

அன்றைய நீராலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கும். மதகைத் தூக்கினால் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து மரச்சக்கரத்தில் விழும். சக்கரம் சுழல, பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை மேல்தளத்துக்குக் கொண்டுபோகும். அங்கே கீழ்க்கல் அசையாமல் கிடக்க, மேல்கல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஆலைக்காரரின் தொழில். இடைவெளி குறைந்தால் கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறக்கும், மாவு கருகும். கூடினால் நொய்யாகத்தான் விழும். விழுகிற மாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தே பதம் சொல்வார்கள். கல்லின் வரிகள் தேய்ந்தால் மேல்கல்லைப் புரட்டிப்போட்டு உளிச் சுத்தியலால் மறுபடி கொத்தவேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் அணையை உடைக்கும். கோடையில் தண்ணீர் போதாது, குளிர்காலத்தில் சக்கரமே பனியில் உறைந்துவிடும். இதே தண்ணீரில் ரம்பத்தை ஓட்டி மரம் அறுக்கிற ஆலைகளும் உண்டு.

ரோட் ஐலண்டில் மக்காச்சோள மாவு இல்லாமல் அடுப்பு எரியாது. வெள்ளை மக்காச்சோள மாவில் சுடுகிற ஜானிகேக் இன்றும் அந்த மாநிலத்தின் அடையாளம். ஊரில் எல்லோரும் மூட்டையோடு ஆலைக்கு வந்தாகவேண்டும். கூலியைக் காசாகக் கொடுக்கமாட்டார்கள், அரைத்ததில் ஒரு பங்கை ஆலைக்காரர் எடுத்துக்கொள்வார். அந்தப் பங்கு எவ்வளவு என்று நியூ இங்கிலாந்துக் காலனிகள் சட்டம் போட்டே கட்டுப்படுத்தின. பதினாறில் ஒன்று என்பது பரவலான அளவு. யார் வீட்டில் எவ்வளவு விளைந்தது, யாருக்கு இந்த ஆண்டு முடியவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் ஆலை வாசலில் தெரிந்துவிடும். அளவில் கை வைக்காதவர் என்று பெயர் எடுத்த ஆலைக்காரரை ஊர் நம்பியது. அந்த நம்பிக்கை அடுத்து வாக்காக மாறியது.

ரோட் ஐலண்ட் பெரும்பாலான காலனிகளைப் போல இல்லை. மன்னர் சார்லஸ் 1663-இல் கொடுத்த சாசனப்படி ஆளுநரையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், லண்டன் அனுப்பவில்லை. சட்டமன்றத்துக்கு நியூபோர்ட்டிலிருந்து ஆறு பேர். பிராவிடன்ஸ், போர்ட்ஸ்மவுத், வார்விக் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு பேர். மற்ற ஊர்களுக்கு இரண்டிரண்டு. உறுப்பினர் தேர்தல் ஆண்டுக்கு இரண்டு முறை. சட்டமன்றம் ஒரே கட்டடத்தில் நிலையாகக் கூடாமல் ஊர் ஊராக மாறி மாறிக் கூடியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊராரின் முகத்தைப் பார்த்தாகவேண்டிய உறுப்பினருக்கு மக்களிடமிருந்து விலகி இருக்க வழியே இல்லை. ஆனால் வாக்கு எல்லோருக்கும் கிடையாது. 40 பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவருக்கும் அவருடைய மூத்த மகனுக்கும்தான். பெண்கள், நிலமற்றோர், அடிமைகள், பூர்வகுடிகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

1770களின் தொடக்கத்தில் கிறிஸ்டோபர் கிரீன் வார்விக்கின் உறுப்பினராக இந்த மன்றத்தில் இருந்தார். 1772 ஜூனில் பிரிட்டிஷ் சுங்கக் கப்பல் காஸ்பி தரைதட்டி நின்றபோது உள்ளூர்க்காரர்கள் இரவோடு இரவாகப் படகில் போய் அதை எரித்த நிகழ்ச்சி, வார்விக் கரைக்கு அருகில்தான் நடந்தது. குற்றவாளிகளைப் பிடிக்க அரசர் விசாரணைக் குழு அமைத்தார். ஊரே அறிந்த பெயர்களை ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

1774 அக்டோபரில் பக்கத்து ஊரான கிழக்கு கிரீன்விச்சில் 'கென்டிஷ் கார்ட்ஸ்' என்ற குடிப்படை உருவானது. சட்டமன்றம் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. கேப்டனாக வழக்கறிஞர் ஜேம்ஸ் வார்னம், லெப்டினன்டாக கிறிஸ்டோபர் கிரீன். நதானியல் கிரீனுக்குக் காலில் லேசான ஊனம். அணிவகுப்பில் அழகாக இருக்காது என்று சொல்லி அவருக்கு அதிகாரிப் பதவி தர மறுத்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு விலகாமல் சாதாரணச் சிப்பாயாக நின்றார். அடுத்த ஆண்டே அவர் பிரிகேடியர் ஜெனரல்!

ஆலை, மன்றம், குடிப்படை என்று மூன்று வேறு வேறு தொழில்களாக இன்று நமக்குத் தெரிபவை அந்த ஊர்களில் ஒரே செல்வாக்கின் மூன்று முகங்கள். காலையில் மாவுப் பங்கை அளந்தவரே மாலையில் கவாத்துக்குக் கட்டளை கொடுத்தார். வரியை எதிர்த்து மன்றத்தில் பேசியவரும் அவர்தான். ராணுவப் பள்ளி எதுவும் இல்லாத நாட்டில் அதிகாரிகளை இப்படித்தான் கண்டெடுத்தார்கள். இந்த ஏற்பாட்டில் திறமையற்ற பலர் கர்னல் ஆனதும் உண்மை. கிரீன் விஷயத்தில் ஊரின் கணிப்பு சரியாக இருந்தது.

கியூபெக் பனியும் டெலவேர் கரையும்

1775 ஏப்ரலில் பாஸ்டன் அருகே லெக்சிங்டனில் போரின் முதல் துப்பாக்கி வெடித்த செய்தி வந்ததும் கென்டிஷ் கார்ட்ஸ் பாஸ்டனை நோக்கிக் கிளம்பியது. அரசர் பக்கம் சாய்ந்திருந்த ஆளுநர் ஜோசப் வான்டன் அவர்களைத் திரும்ப அழைத்தார். மே மாதம் சட்டமன்றம் 1,500 பேர் கொண்ட படையை அமைத்தபோது கிறிஸ்டோபர் மேஜரானார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னல்ட் சுமார் 1,100 பேரோடு மெய்ன் காடுகள் வழியாக, பிரிட்டிஷ் பிடியில் இருந்த கனடாவின் கியூபெக் நகரைப் பிடிக்கப் புறப்பட்டார். கிரீன் லெப்டினன்ட் கர்னலாக ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். காயாத மரத்தில் அவசரமாகச் செய்த படகுகள் ஒழுகின. உணவு நனைந்து அழுகியது. கென்னபெக் ஆற்றை எதிர்த்து ஏறி, சதுப்பையும் மலைமுகட்டையும் கடப்பதற்குள் பட்டினி பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த ரோஜர் ஈனோஸின் பிரிவிடம்தான் கூடுதல் உணவு இருந்தது. கிரீனின் ஆட்கள் காத்திருந்து கேட்டதற்கு அவர்களிடமிருந்து கிடைத்தது இரண்டொரு பீப்பாய் மாவுதான். அக்டோபர் கடைசியில் அதிகாரிகள் கூடி முடிவெடுத்தார்கள். ஈனோஸின் பிரிவு வீடு திரும்பியது, கிரீனும் அவர் ஆட்களும் மேலே நடந்தார்கள். கேப்டன் ஹென்றி டியர்பார்னின் நாயைக் கொன்று தின்றார்கள். காலணித் தோலையும் வேகவைத்துப் பார்த்தார்கள். கிளம்பியவர்களில் நவம்பரில் செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையை எட்டியது ஏறத்தாழ அறுநூற்றுச் சொச்சம் பேர்.

டிசம்பர் 31 அதிகாலை, பனிப்புயலில் நகரைத் தாக்கினார்கள். அமெரிக்கத் தரப்பு ஜெனரல் மான்ட்கமரி இறந்தார். ஆர்னல்டின் காலில் குண்டு பாய்ந்தது. நகரின் கீழ்ப்பகுதித் தெருக்களில் சிக்கிக்கொண்ட நானூறுக்கும் மேற்பட்டவர்கள் சரணடைந்தார்கள், அவர்களில் கிரீனும் ஒருவர். சிறையில் பெரியம்மை பரவியது. 1776 ஆகஸ்ட்டில், போரில் மறுபடி இறங்குவதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் விட்டார்கள். கைதிப் பரிமாற்றம் முடிந்த பிறகே மீண்டும் ஆயுதம் எடுக்க முடிந்தது. இனி ஒருமுறை உயிரோடு பிடிபடமாட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததாக ஒரு மரபுச் செய்தி உண்டு.

1777-இல் அவர் 1-ஆவது ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட்டின் கர்னல். செப்டம்பர் 26 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் ஹோவ் ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்தார். ஆனால் நகரத்துக்குச் சோறு வரவேண்டிய டெலவேர் ஆறு அமெரிக்கர்கள் கையில் இருந்தது. ஆற்றடியில் இரும்பு முனை பொருத்திய பெரிய மரச்சட்டங்களைப் புதைத்து வைத்திருந்தார்கள். மேலே வரும் கப்பலின் அடிவயிற்றை அவை கிழித்துவிடும். அவற்றுக்குக் காவலாக ஒரு பக்கம் மிஃப்லின் கோட்டை, எதிர்க்கரையில் நியூ ஜெர்சியின் ரெட் பேங்க்கில் மெர்சர் கோட்டை. இரண்டாவதைக் காக்க வாஷிங்டன் அனுப்பியது கிரீனை.

போய்ப் பார்த்தால் கோட்டை இருக்கும் ஆட்களுக்கு மிகப் பெரிது. மண்சுவரை முழுதும் காக்க இவர்களைப்போல் சில மடங்கு ஆள் வேண்டும். உதவிக்கு வந்த பிரெஞ்சுப் பொறியாளர் மௌதுயி து ப்ளெஸ்ஸி ஒரு யோசனை சொன்னார்: வடக்குப் பகுதியை அப்படியே கைவிட்டுவிடலாம், குறுக்கே புதுச் சுவர் எழுப்பிக் கோட்டையைச் சின்னதாக்கலாம். எடுத்த கோட்டையில் ஒரு பகுதியை எதிரிக்கு விட்டுக்கொடுப்பது கௌரவக் குறைவு என்று நினைக்கும் அதிகாரிகள் அந்தக் காலத்தில் ஏராளம். கிரீன் ஒத்துக்கொண்டார். புதுச் சுவருக்கு முன்னால் கூர்முனைக் கிளைகளோடு மரங்களை வெட்டிப் போட்டு வேலி செய்தார்கள்.

அக்டோபர் 22 பிற்பகல் கர்னல் கார்ல் ஃபான் டோனாப் 1,200 பேருக்குக் குறையாத ஹெஸ்ஸியப் படையோடு வந்து நின்றார். ஜெர்மானியச் சிற்றரசர்கள் பிரிட்டனுக்கு வாடகைக்கு விட்ட சிப்பாய்கள் இவர்கள். சரணடையாவிட்டால் ஒருவரையும் உயிரோடு விடமாட்டோம் என்று தூது வந்தது. முடியாது என்று கிரீன் பதில் அனுப்பினார். அவரிடம் இருந்தது இரண்டு ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட்டுகளின் சில நூறு பேர். அவர்களுக்குள் கருப்பினச் சிப்பாய்களும் அப்போதே இருந்தார்கள்.

வடக்கிலிருந்து ஏறிய ஹெஸ்ஸியர்கள் வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே குதித்தபோது அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. கோட்டை விழுந்துவிட்டது என்று தொப்பியைத் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். அப்புறம்தான் மரவேலியும் அதற்குப் பின்னால் புதுச் சுவரும் கண்ணில் பட்டன. வேலியை வெட்டி அகற்றக் கையில் கோடாலி இல்லாமல், ஏறுவதற்கு ஏணி இல்லாமல் தடுமாறியவர்கள்மேல் சுவருக்குப் பின்னாலிருந்து குண்டு மழை. அவர்கள் இடுப்பில் அகலமான வார் தெரிகிறது, அதைக் குறிவைத்துத் தாழ்த்திச் சுடுங்கள் என்று கிரீன் சொன்னதாகச் சிப்பாய்கள் நினைவுகூர்ந்தார்கள். ஆற்றிலிருந்து துடுப்புப் பீரங்கிப் படகுகளும் பக்கவாட்டில் சுட்டன. முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஹெஸ்ஸியர் தரப்பில் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து நானூறுக்குச் சற்றுக் குறைவு. கோட்டைக்குள் நாற்பதுகூட இல்லை. படுகாயத்தோடு கிடந்த டோனாப்பைத் தூக்கிவந்து பார்த்துக்கொண்டவர் அதே மௌதுயி. சில நாள்களில் டோனாப் இறந்துபோனார்.

மறுநாள் 64 பீரங்கிகள் கொண்ட ஆகஸ்டா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆற்றில் தரைதட்டி வெடித்துச் சிதறியது. ஆனால் இந்த வெற்றி தாங்கியது ஒரு மாதம்தான். நவம்பர் நடுவில் மிஃப்லின் கோட்டை தரைமட்டமானது. எதிர்க்கோட்டை இல்லாமல் மெர்சரை வைத்திருப்பதில் பொருளில்லை. நவம்பர் 20-ஐ ஒட்டிக் கிரீன் அதைக் காலி செய்தார். அதற்கு முன்பே, நவம்பர் 4 அன்று, அமெரிக்கக் காலனிகளின் பொது மன்றமான காங்கிரஸ் அவருக்கு ஒரு வாள் பரிசளிக்கத் தீர்மானம் போட்டிருந்தது.

நான்கு மாதக் கதவு

அந்தக் குளிர்காலம் வாஷிங்டனின் படை முகாமான வேலி ஃபோர்ஜில் கழிந்தது. ரோட் ஐலண்டுப் படைகள் கரைந்துகொண்டிருந்தன. 1776 டிசம்பரிலிருந்தே நியூபோர்ட் பிரிட்டிஷ் பிடியில். மாநிலத்தின் மிகப் பெரிய ஊரும் தீவும் போய்விட்ட நிலையில், மிச்சமிருந்த ஊர்களிலிருந்து ஆள் திரட்டவேண்டியிருந்தது. 1774 கணக்கெடுப்பின்படி காலனியின் மொத்த மக்கள்தொகையே 60,000-ஐ ஒட்டித்தான். அதில் சுமார் 3,700 பேர் கருப்பினத்தவர்.

1778 ஜனவரி 2 அன்று, இப்போது ஜெனரலாகிவிட்ட வார்னம் வாஷிங்டனுக்கு எழுதினார். இரண்டு ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட்டுகளின் சிப்பாய்களை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். மிஞ்சுகிற அதிகாரிகளான கர்னல் கிரீன், லெப்டினன்ட் கர்னல் ஜெரமையா ஒல்னி, மேஜர் சாமுவேல் வார்ட் ஆகியோரை ஊருக்கு அனுப்பி, கருப்பினத்தவரைக் கொண்டு ஒரு பட்டாலியன் திரட்டலாம் என்பது யோசனை. தானே நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த வாஷிங்டன், சொந்தக் கருத்து எதுவும் சேர்க்காமல் அதை ஆளுநர் நிக்கலஸ் குக்குக்கு அனுப்பிவைத்தார். பிப்ரவரியில் சட்டம் வந்தது.

இதைக் கருணையின் வெளிப்பாடாக மட்டும் வாசிக்கமுடியாது. அடிமை வணிகத்தில் மிகத் தீவிரமாக இருந்த காலனி ரோட் ஐலண்ட்தான். நியூபோர்ட்டிலிருந்தும் பிரிஸ்டலிலிருந்தும் ரம் பீப்பாய்களோடு ஆப்பிரிக்கா போன கப்பல்கள் மனிதர்களோடு திரும்பின. தெற்குப் பகுதிப் பண்ணைகளில் அடிமை உழைப்பு ஊறிப்போயிருந்தது. ஆகவே சட்டம் எஜமானர்களைக் கைவிடவில்லை. ஒவ்வொரு அடிமைக்கும் விலை மதிப்பிட, மாவட்டத்துக்கு ஒருவராக ஐந்து பேர் குழு. உச்ச விலை 120 பவுண்டு. மனிதருக்கு விலை வைத்துச் சீட்டெழுதிய அதே நாளில் அவர் சுதந்திர மனிதரானார். இந்த முரணைச் சட்டத்தை எழுதியவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆறு உறுப்பினர்கள் எழுத்தில் எதிர்ப்புப் பதிவு செய்தார்கள். அவர்கள் வாதங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: நம் உரிமையையும் சுதந்திரத்தையும் காக்க அடிமைக் கூட்டம் ஒன்றை விலைக்கு வாங்கினோம் என்று உலகம் பேசும், அது நாம் போராடும் கொள்கைக்கே பொருந்தாது என்றார்கள். வெளியே நியாயமாகத் தெரியும் வாதம். ஆனால் கொள்கைக்குப் பொருந்தாதது அடிமைமுறைதான் என்ற முடிவுக்கு அவர்கள் போகவில்லை. அந்த ஆட்களைப் பழையபடி பண்ணையிலேயே விட்டுவைப்பது என்ற முடிவுக்குத்தான் போனார்கள்.

கிரீன் ஊர் திரும்பி ஆள் சேர்க்கத் தொடங்கினார். எதிர்ப்பு பண்ணைகளிலும் இருந்தது. சண்டையில் உங்களைத்தான் முன்வரிசையில் கேடயமாக நிறுத்துவார்கள், பிடிபட்டால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு விற்றுவிடுவார்கள் என்று தெற்கு கிங்ஸ்டனில் பயமுறுத்துகிறார்கள் என்று ஆள் சேர்க்கப்போன ஒரு கேப்டன் மார்ச் மாதமே புகார் எழுதினார். அந்தப் பயமுறுத்தலையும் மீறி ஒவ்வொருவராக வந்தார்கள். முன்னால் வந்து நின்றவரைக் கிரீன் ஏற்றுக்கொண்டால் அதன் பிறகு அவரை யாரும் திரும்பக் கேட்கமுடியாது. ஒரு கர்னல் ஆள் பார்த்துச் சேர்க்கிற வழக்கமான ராணுவ நடைமுறைதான் இது. அந்த வசந்தகாலத்தில் ரோட் ஐலண்டில் மட்டும் அதற்கு வேறொரு எடை வந்துவிட்டது.

மே மாதமே சட்டமன்றம் பின்வாங்கியது. ஜூன் 10-க்குப் பிறகு அடிமைகளைச் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு. செலவு கைமீறுகிறது என்ற கவலையும் பண்ணைக்காரர்களின் நெருக்குதலும் சேர்ந்துகொண்டன. அதன் பிறகும் சிலர் எப்படியோ சேர்ந்தார்கள். ரெஜிமெண்ட்டில் இருந்த ஏறத்தாழ 225 பேரில் 140 பேர் வரை கருப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. மற்றவர்களில் நாரகான்செட் பூர்வகுடிகளும் கலப்பினத்தவரும் உண்டு. அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர்கள். வார்விக், கிழக்கு கிரீன்விச், தெற்கு கிங்ஸ்டன் ஊர்களின் எஜமானர் பெயர்களையே குடும்பப் பெயராகக் கொண்டு வந்தார்கள் பலர். படைப்பட்டியலில் கருப்பினச் சிப்பாய்களிலும் கிரீன்கள் இருந்தார்கள்.

மூன்று மாதத்துக்குள் களம் வந்தது. 1778 ஆகஸ்டில் நியூபோர்ட்டை மீட்க அமெரிக்க ஜெனரல் சல்லிவன் முற்றுகையிட்டார். துணைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பற்படை புயலில் அடிபட்டுப் பாஸ்டனுக்குப் போய்விட, அமெரிக்கர்கள் தீவிலிருந்து பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 29 அன்று போர்ட்ஸ்மவுத் அருகே ஹெஸ்ஸியர்கள் வலதுபுறத்தை உடைக்கப் பார்த்தார்கள். கிரீன் அன்று ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கியதால் ரெஜிமெண்ட்டை நேரடியாக நடத்தியவர் மேஜர் வார்ட். கவாத்து பழகி மூன்று மாதம்கூட நிரம்பாத அந்தச் சிப்பாய்கள் நின்ற இடத்தை ஹெஸ்ஸியர்கள் திரும்பத் திரும்ப முட்டியும் உடைக்கமுடியவில்லை. படை பத்திரமாகக் கரை சேர்ந்தது. அவர்கள்தான் போரையே காப்பாற்றினார்கள் என்று பிற்காலத்தில் எழுதியவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள். உண்மை அளவுக்கே சொன்னாலும் பெருமை குறையாது.

1781 ஜனவரியில் இரு ரெஜிமெண்ட்டுகளும் கிரீனின் கீழ் ஒன்றாயின. அந்த ஜூலையில் வெஸ்ட்செஸ்டரில் அமெரிக்கப் படைகளைப் பார்த்த பிரெஞ்சுத் தரப்பு அதிகாரி பாரன் ஃபான் க்ளோசன், இந்த ரெஜிமெண்ட்டில் முக்கால்வாசி கருப்பினத்தவர் என்றும், உடையிலும் ஆயுதம் ஏந்துவதிலும் அணிவகுப்பிலும் இதுவே மிகச் சிறந்தது என்றும் எழுதினார். முக்கால்வாசி என்ற கணக்கு மிகை. சிறந்தது என்ற மதிப்பீட்டைப் போர்க்கலை அறிந்த ஒரு வெளிநாட்டு அதிகாரி சொல்கிறார் என்பதால் அதற்குக் கனம் உண்டு.

அதைக் கேட்கக் கிரீன் உயிரோடு இல்லை. 1781 மே மாதம் அவர் நியூயார்க்கின் க்ரோட்டன் ஆற்றில் பைன்ஸ் பாலம் அருகே காவலில் இருந்தார். இரண்டு தரப்புக்கும் நடுவில் கிடந்த, யாருக்கும் சொந்தமில்லாத பகுதி அது. அரசர் பக்கம் நின்ற உள்ளூர்க்காரர்களைத் திரட்டி ஜேம்ஸ் டிலான்ஸி ஒரு குதிரைப்படை வைத்திருந்தார். இரவில் மட்டும்தான் ஆற்றுத்துறைகளுக்குக் காவல் போட்டிருந்தார்கள், விடிந்ததும் எடுத்துவிடுவது வழக்கம். அதை நன்றாகத் தெரிந்துகொண்டு, மே 14 காலையில் காவல் விலகியதும் டிலான்ஸியின் ஆட்கள் ஆற்றைக் கடந்து கிரீன் தங்கியிருந்த வீட்டைச் சூழ்ந்தார்கள். மேஜர் எபனேசர் ஃப்ளாக் அங்கேயே கொல்லப்பட்டார். கிரீன் வாளோடு நின்று போராடினார். அவரைச் சுற்றி நின்ற கருப்பினச் சிப்பாய்கள் பலர் வெட்டுப்பட்டு விழுந்தார்கள். படுகாயமடைந்த கர்னலைக் குதிரையில் போட்டுக் கொண்டுபோய், சற்றுத் தொலைவில் காட்டோரம் விட்டுச் சென்றார்கள். அங்கே அவர் இறந்தார். 44 வயது முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உடலில் இருந்த வெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து, கருப்பினப் படையை நடத்தியதற்காகவே இத்தனை வெறி என்று அப்போதும் பேசினார்கள், இன்றும் சில வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கிறார்கள். அவரும் ஃப்ளாக்கும் யார்க்டவுன் ஹைட்ஸில் ஒரு தேவாலய வளாகத்தில் அடக்கமானார்கள். 1900-இல் அங்கே கிரீனுக்கு நினைவுச்சின்னம் வந்தது. அவரோடு விழுந்த கருப்பினச் சிப்பாய்களுக்கு நினைவுக்கல் வர 1982 ஆனது.

ஜெரமையா ஒல்னி தலைமை ஏற்றார். ரெஜிமெண்ட் வர்ஜீனியாவின் யார்க்டவுன் முற்றுகையில் நின்றது. 1783 பிப்ரவரியில் பிரிட்டிஷாரின் ஆஸ்வீகோ கோட்டையைப் பிடிக்கப் பனியில் நடந்து வழிதவறியபோது பலர் கால்விரல்களை இழந்தார்கள். அந்த ஜூனில் சரடோகாவில் சம்பள பாக்கியோடு கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வழிச்செலவுக்குக்கூடக் கையில் காசு இல்லாமல் பலர் நடந்தே ஊர் போனார்கள்.

ஊரில் அவர்களைப் பழைய எஜமானர்கள் சிலர் மறுபடி சொந்தம் கொண்டாடினார்கள். ஒல்னி விடவில்லை. தன் சிப்பாய்களுக்காகச் சாட்சி சொல்வதும், விடுதலைக்கும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எழுதுவதும் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. 1784-இல் ரோட் ஐலண்ட், அந்த ஆண்டு மார்ச் முதல் அடிமைத்தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்று சட்டம் போட்டது. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களை அது விடுவிக்கவில்லை. போரில் சேர்ந்தவர்கள்தான் தங்கள் தலைமுறையில் சட்டப்படி உடனே விடுதலை பெற்ற பெரிய கூட்டம்.

காங்கிரஸ் தீர்மானித்த வாள் 1786-இல்தான் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது; போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ் அதைக் கிரீனின் மகன் ஜோப்புக்கு அனுப்பிவைத்தார். சிப்பாய்களைப் பொறுத்தவரை, அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியிலேயே அவர்கள் நிலைமை சட்டமன்றத்துக்கு வந்துவிட்டது. அடிமைகளாக இருந்து படையில் சேர்ந்தவர்களில் நோயிலும் வறுமையிலும் விழுந்தவர்களை அவரவர் ஊர் நிர்வாகம் பார்த்துக்கொள்ளவேண்டும், செலவை மாநிலம் ஏற்கும் என்று 1785-இல் அந்த மன்றம் சட்டம் இயற்றியது. அவர்களுக்குச் சேரவேண்டிய சம்பளமோ உதவித்தொகையோ பின்னால் வந்தால், அதிலிருந்து மாநிலம் தன் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.